மாடிப்படிக்கு மொய்

பக்கத்து வீட்டு மாடிப்படியைக் காதலித்ததற்காக வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட மாடிப்படி ஒன்று, பேராவூரணியில் மரகதம் அக்காவின் விடுதியில் தங்கியிருந்தது. வீட்டில் சேர்க்காத பிள்ளைகளுக்காகத் திருநங்கையான அக்கா நடத்தும் விடுதி அது. ஓட்டுக் கட்டடம் என்பதால் படிக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. முற்றத்தில் நின்று வெறும் வானத்தில் போய் முடிந்தது. சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்று அதற்கு ஒரே மனக்கஷ்டம். கைப்பிடியெல்லாம் இளைத்துப் போயிற்று.

அதற்கு ஒரு மாடி கட்டித் தருவதென்று முடிவாயிற்று. அந்தப் பக்கத்தில் யாருக்குத் தேவை வந்தாலும் ஆடி மாதம் கறிவிருந்து வைத்து மொய் வாங்குவார்கள். அக்காவின் பிள்ளைகளைப் போன்ற பால்புதுமையினர் மட்டும் என்ன வேற்றூர்க்காரர்களா? விருந்தோடு கவிதை வாசிப்பது, கேட்டவர்கள் மாடிக்கு வேண்டிய சாமானை மொய்யாக வைப்பது என்று ஏற்பாடு.

போன ஆடியிலும் இதே விருந்து நடந்தது. அப்போது ஒரு தப்புச் செய்துவிட்டார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர்கள். அதனால் மொய் வைத்தவர் பெயரை மைக்கில் சொல்லாமல் விட்டார்கள். செங்கல்லுக்கு ரோஷம் அதிகம். பெயர் சொல்லாமல் வாங்கி வைத்த செங்கற்கள் அத்தனையும் விடிவதற்குள் எழுந்து வரிசையாகச் சூளைக்கு நடந்துவிட்டன. பெயர் சொல்லாமல் வாசித்த கவிதைகளும் அவற்றின் பின்னாலேயே போய்விட்டன.

ஆகவே இந்த வருடம் ஊர், பெயர், இன்னார் பிள்ளை என்பதெல்லாம் சொல்லியாக வேண்டும். இந்த முறை கவிதை வாசிக்க இருந்த வைரக்கண்ணு தயங்கியது இதனால்தான். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். அப்பா சிங்காரவேலுவோடு அடுத்த தெருவில் குடியிருந்தான். குழாய் ஸ்பீக்கரோ அந்த வீட்டைப் பார்த்துத்தான் கட்டியிருந்தது. வேறு பக்கம் திருப்பினால் அது வாயைத் திறக்காது. அவன் எழுதிய கவிதை பட்டுக்கோட்டை பஸ் கண்டக்டர் ஜெயசீலனைப் பற்றியது. ஜெயசீலன் இல்லாமல் அவனால் இருக்க முடியாது. அப்பா இல்லாமலும் முடியாது.

“வேற பேரச் சொல்லிரவா அக்கா?” என்று கேட்டான்.

“சொல்லு. அந்தப் பேருக்காரன் வந்து ஒன் எலயில ஒக்காந்துருவான். நீ வெளிய நிக்க வேண்டியதுதான்” என்றார் மரகதம் அக்கா. பிறகு குரலை இறக்கி, “பயமா இருந்தா வேணாம் தம்பி. படி இன்னொரு வருசம் பொறுத்துக்கும்” என்றார்.

மாடிப்படி அதைக் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பாவம், மழைக்காலம் வேறு வரப்போகிறது.

வைரக்கண்ணு மைக்கைப் பிடித்தான். “பேராவூரணி சிங்காரவேலு மகன் வைரக்கண்ணு” என்றான். தன் குரல் அடுத்த தெருவுக்குள் நுழைவது அவனுக்கே கேட்டது. கவிதையை வாசித்தான்.

“எல்லாரும் இறங்கிவிட்டார்கள், ஜெயசீலா.
எனக்காக விசில் ஊதாமல் நிற்கிறாய்.
நான் இறங்குவதாக இல்லை.”

யாரும் கைதட்டவில்லை. கவிதை போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேரட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

சிங்காரவேலு வந்தார். தோளில் வீட்டு வாசல் கதவு இருந்தது. வைரக்கண்ணு எத்தனையோ நாள் கனவில் தன் முகத்துக்கு நேரே சாத்தப்படுவதைப் பார்த்த அதே கதவு. அவர் அதை இறக்கி வைத்துவிட்டு, மூச்சு வாங்க மைக்கை வாங்கினார்.

“பேராவூரணி சிங்காரவேலு. வைரக்கண்ணு அப்பன். வாசக்கதவு ஒண்ணு.”

“அப்பா, அப்ப நம்ம வீட்டுக்கு?”

“வீட்டுக்கு எதுக்குடா? இன்னிக்கு மனசு நல்லாருக்கு. நாளைக்கே கோவம் வந்து நானே சாத்திட்டா? என்னய நம்ப முடியாது. அதான் கழட்டிட்டு வந்துட்டேன்.” துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “அந்தக் கண்டக்டர் தம்பிய ஞாயித்துக்கெழம சாப்பிட வரச் சொல்லு.”

வைரக்கண்ணு எல்லோர் முன்னாலும் தேம்பித் தேம்பி அழுதான். அவ்வளவு சந்தோஷமாக அவன் அழுததே இல்லை. அப்பா அவன் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டு, பசிக்கிறது என்றார்.

அவருக்கும் கதவுக்கும் பக்கத்துப் பக்கத்தில் இலை போட்டார்கள். கறி வைக்க வந்தபோது, தனக்கு விரதம் என்று கதவு சொன்னது. அதற்கு ரசம் ஊற்றினார்கள்.