சிலுவையின் வலையில் விழுந்த டிரோன்

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவது பாவம். பூசை முடிந்து வந்து வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பது பாவமில்லை. இது மீனவர் சிலுவையின் கட்சி. முந்தின நாள்தான் முத்தையாபுரத்துப் பழைய இரும்புக் கடையில் தேங்காய்ப் பருமனில் ஓர் ஈயக்கட்டி வாங்கியிருந்தார். உள்ளே ஏதோ அடைத்திருந்தது. உருக்கினால் தனியாக வந்துவிடும், அதற்கென்ன கவலை? பிள்ளைத்தாய்ச்சி மகள் விஜிலா படுக்கிற அறையை ஒட்டிய சாய்ப்பில் அதை வைத்திருந்தார்.

அடுப்பு மூட்டப் போன நேரத்தில் டிரோன் வந்தது. கூரைக்கு மேல் நின்றது, போனது, திரும்பி வந்து தணிந்தது. சிலுவைக்கு மூக்குக்கு மேல் கோபம். கரையை அளந்து ஆட்களைக் கிளப்பப் பார்க்கிறார்கள் என்று தெருவில் ஏற்கெனவே பேச்சு. புது வீச்சுவலையை எடுத்தார். நாற்பது வருடக் கை தப்புமா? ஒரே வீச்சில் டிரோன் வலையோடு மணலில் கிடந்தது.

ஜீப்பில் வந்து இறங்கிய ஐஸ்வர்யா, டிரோனை ஓட்டுகிற அதிகாரி. சண்டைக்கு நின்றவரிடம் அவள் சண்டை போடவில்லை. எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னாள். ஒரு தொழிற்சாலையில் கதிர்வீச்சுப் பொருள் அடைத்த ஈயக்கூடுகள் இரண்டு காணாமல் போயிருந்தன; அவற்றைத் தேடத்தான் இந்த டிரோன். ஈயம் இருக்கும்வரை உள்ளே இருப்பது அடங்கிக் கிடக்கும், உருக்கினால் வெளிவந்து ஆளைக் கொல்லும். சிலுவை வாங்கிய கட்டி அந்த இரண்டில் ஒன்று; அதன் மூடி லேசாக விலகிக் கசிந்ததால்தான் டிரோன் கண்டுகொண்டது.

“உருக்கிட்டீங்களா அண்ணாச்சி?” என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“இல்லம்மா. அடுப்பு மூட்டப் போனேன். இது வந்துட்டு.”

முழு உடுப்பு மாட்டிய இருவர் வந்து கட்டியைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனார்கள். கசிவு சொற்பம்தான், மகளுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் பயமில்லை, ஆனாலும் ஆஸ்பத்திரியில் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றாள் ஐஸ்வர்யா. சிலுவை மணலில் உட்கார்ந்து அழுதார். மாதாவைக் கும்பிடுவதா, இந்தப் பெண்ணைக் கும்பிடுவதா என்று தெரியாமல் இருவரையும் கும்பிட்டார்.

டிரோனுக்குச் சேதமில்லை, இறக்கைகளில் வலைதான் இறுகிச் சுற்றியிருந்தது. பொறுமையாகப் பிரித்தால் வலை பிழைக்கும், ஆனால் அரைநாள் ஆகும். ஐஸ்வர்யா பிரிக்க உட்கார்ந்தாள். இன்னொரு கூடு கிடைத்துவிட்டதா என்று சிலுவை கேட்டார். இல்லை என்றாள்.

கிழிந்த வலையைக்கூடத் தூக்கிப் போடாத மனிதர், இடுப்புக் கத்தியை எடுத்துப் புதுவலையைக் கண்டபடி அறுத்தார்.

“பறக்க விடும்மா. இன்னொருத்தன் அடுப்பு மூட்டுததுக்குள்ள போய்ச் சேரட்டும்.”