செல்லத்தாய் பற்றவைத்த சேஸ்

திருப்பூருக்குப் பக்கத்தில் அருள்புரத்தில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகையில் இசக்கிமுத்துவும் அவன் மனைவி செல்லத்தாயும் வெல்டிங் பட்டறை நடத்தி வந்தார்கள். சாயப்பட்டறைகளில் ஈரத்துணி ஏற்றித் தள்ளும் வண்டிகளும், துணிக்கட்டு அடுக்கும் ரேக்குகளும்தான் அவர்களுக்கு வேலை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து தையல் வேலைக்கு வந்தவள் செல்லத்தாய். இரும்பைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று ஒருநாள் பட்டறைக்குள் வந்தவள் அப்புறம் தையலுக்குத் திரும்பவேயில்லை. கட்டியவன் கையைவிட அவள் கை நிதானம் என்பது ஒரே மாதத்தில் தெரிந்துபோயிற்று. இசக்கிமுத்து அதற்காக முகம் சுளிக்கவில்லை. வெட்டுவதும் வளைப்பதும் அவன், பற்றவைப்பது அவள் என்று தானாகவே பிரிந்துகொண்டது.

2008ஆம் வருடம், ஆடி மாதம். டிராக்டர் ஒன்று ஒரு ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்துவந்து பட்டறை வாசலில் விட்டது. பின்னாலேயே லிங்கசாமி வந்து இறங்கினார். பல்லடம் ரோட்டில் பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனி வைத்திருப்பவர். ஐம்பதை நெருங்கும் வயதிலும் சேற்றிலும் பாறையிலும் ஜீப் ஓட்டும் போட்டி என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவருக்கு.

"ஏனுங்க அம்மிணி, இதை ஒட்ட வெக்க முடியுங்களா?"

ஜீப்பின் முழுப் பாரத்தையும் தாங்கும் சேஸ், வலதுபக்கம் ஸ்டீரிங் பெட்டிக்குக் கீழே வாய் பிளந்திருந்தது. அதே இடத்தில் அது உடைவது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் பல்லடத்து ஜீப் மெக்கானிக் குருசாமி ஒட்டிக் கொடுத்திருந்தார். இந்த முறை, "இது செத்த பாம்புங்க, வேற சேஸ் மாத்துங்க" என்று கைகழுவிவிட்டார். சேஸை மாற்றினால் அதில் பொறித்த நம்பரும் மாறும். அதற்கு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடையாய் நடக்க வேண்டும். போட்டிக்கோ ஒன்பது நாள்தான் இருந்தது.

"நமக்கு எதுக்குளா இந்த வம்பு? தள்ளுவண்டி வேற, ஜீப்பு வேற" என்று இசக்கிமுத்து காதோரம் சொன்னான்.

செல்லத்தாய் அதற்குள் வண்டிக்கு அடியில் படுத்துவிட்டாள். கால்மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது அவள் முகத்தில் சேறும் ஒரு பிரகாசமும் சேர்ந்து இருந்தன.

"மொதலாளி, ஒட்டுன இடம் உடையல. ஒட்டுக்குப் பக்கத்துல உடைஞ்சிருக்கு. வந்து பாருங்க."

லிங்கசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். குருசாமி வைத்த சதுரத் தகடு அப்படியே கெட்டியாக இருந்தது. அதன் நேர்விளிம்பை ஒட்டி, கோடு கிழித்ததுபோல் புது விரிசல் ஓடியிருந்தது.

"எங்க தள்ளுவண்டியிலயும் மொதல்ல இப்படித்தான் ஆச்சு" என்றாள் செல்லத்தாய். "பாரம் வந்தா இரும்பு கொஞ்சம் வளையணும். சதுரமா தகடு வெச்சு நேரா பத்தவெச்சா, வளையுறதெல்லாம் அந்த ஒரு கோட்டுலயே வந்து முட்டும். தகட்டோட ரெண்டு முனையையும் கூராக்கி, சாய்சதுரமா வெச்சுப் பாத்தேன். அதுக்கப்புறம் ஒரு வண்டிகூடத் திரும்பி வரல."

லிங்கசாமி நிமிர்ந்தார். "செஞ்சு போடுங்க அம்மிணி. உங்க இஷ்டம்."

எஞ்சினைக் கழற்றி இறக்கினார்கள். ஒரு நூல்கோனை எடுத்துவந்து, சேஸின் நான்கு மூலைக்கும் குறுக்கே நூல் பிடித்து அளந்தான் இசக்கிமுத்து. ஒரு பக்கம் முக்கால் அங்குலம் கூடுதலாக வந்தது. உடைந்தது மட்டுமில்லை, கோணியும் இருந்தது. சங்கிலி போட்டு, ஜாக்கி வைத்து, இரண்டு நாள் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்த பிறகுதான் நூல் இரண்டு பக்கமும் ஒன்றாய் நின்றது.

பிறகு செல்லத்தாய் இறங்கினாள். பழைய தகட்டை அறுத்தெடுத்தாள். விரிசல் மேலே ஓடாமலிருக்க அதன் நுனியில் சிறு துளை போட்டாள். விரிசலை அகலமாகக் கடைந்து, அடிவரை நெருப்பு இறங்கும்படி நிரப்பினாள். அதன்மேல் இசக்கிமுத்து வெட்டிக் கொடுத்த சாய்சதுரத் தகடு. ஒரு பக்கம் திறந்து கிடந்த சேஸ் இரும்பை, ஸ்டீரிங் பெட்டி இருக்கும் நீளத்துக்குத் தகடு வைத்து மூடிப் பெட்டியாக்கினாள். போல்ட்டு இறுக்கும்போது இரும்பு நசுங்காமலிருக்க உள்ளே கனமான குழாய் வைத்தாள். பகலில் கரண்ட் போய்ப் போய் வந்ததால் சேர்ந்தாற்போல் வேலை செய்ய முடியவில்லை. அதுவும் நல்லதற்குத்தான் என்றாள். இரும்பு ஆறி ஆறிச் சேர்ந்தது.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவிநாசிபாளையம் தாண்டி, கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றில் போட்டி. கோயமுத்தூர், பொள்ளாச்சி, ஈரோடு என்று பதினெட்டு வண்டிகள் வந்திருந்தன. இசக்கிமுத்துவோடு, புடவைக்கு மேல் அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு செல்லத்தாயும் போயிருந்தாள்.

சேற்றுக் குழியை லிங்கசாமி முதல் ஆளாகக் கடந்தார். இரண்டாவது சுற்று பாறைகள். கடைசிப் பாறையில் முன்சக்கரம் வழுக்கி, ஆள் உயரத்திலிருந்து ஜீப் தொப்பென்று விழுந்தது. 'மடார்' என்று ஒரு சத்தம். குவாரிச் சுவரெல்லாம் எதிரொலித்தது. செல்லத்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள்.

ஜீப் எப்படியோ எல்லைக் கோட்டைத் தாண்டி வந்து நின்றது. கீழே ஏதோ தொங்கியது. வேறொருவரின் வண்டியோடு வந்திருந்த குருசாமி ஓடிவந்தார்.

"சேஸ் போச்சுங்க. சத்தத்துலயே தெரியுது. மேட்டுல பாதியில முறிஞ்சா வண்டி உருண்டுரும். உசுரு பெருசுங்க, எறங்கீருங்க."

கடைசிச் சுற்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது. லிங்கசாமி ஸ்டீரிங்கை விடாமல் செல்லத்தாயைப் பார்த்தார். "அம்மிணி, நீங்க பாத்துச் சொல்லுங்க. நீங்க வேண்டாம்னா எறங்கீர்றனுங்க."

அவள் கொதிக்கும் சைலன்சருக்குப் பக்கத்தில் நுழைந்தாள். சேற்றைக் கையாலேயே வழித்தாள். தகட்டின் நான்கு ஓரங்களையும், துளை போட்ட இடத்தையும், மூடிய பெட்டியின் நீளத்தையும் விரலால் தடவிக்கொண்டே போனாள். ஸ்பானரால் தட்டினாள். கணீரென்றது. பின்பக்கம் நகர்ந்தபோதுதான் தொங்குவது எது என்று தெரிந்தது. ஷாக் அப்சார்பரின் அடிப் போல்ட்டு துண்டாகியிருந்தது. அது இல்லாவிட்டால் வண்டி கொஞ்சம் குலுங்கும், அவ்வளவுதான்.

"ஏளா, நல்லாப் பாத்தியா?" இசக்கிமுத்து குனிந்து கேட்டான்.

"ஒரு மயிரிழைகூட விடல. என் கைக்குத் தெரியாம எங்கயும் விரிசல் இல்ல."

தொங்கிய ஷாக் அப்சார்பரைக் கழற்றி வெளியே எறிந்தாள். எழுந்து நின்று, ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "போங்க மொதலாளி. தைரியமாப் போங்க."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தையின் கனம் அவளுக்கு உறைத்தது. ஒரு மனுஷனின் உயிரை அல்லவா ஏற்றி அனுப்பியிருக்கிறாள்!

கடைசிச் சுற்று, செங்குத்தான மேடு. நடுவில் இரண்டு பள்ளங்கள். முன்னே போன வண்டிகளில் நான்கு, பாதியிலேயே சறுக்கித் திரும்பியிருந்தன. லிங்கசாமி முதல் கியரில் உறுமிக்கொண்டு ஏறினார். முதல் பள்ளத்தில் ஒரு முன்சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டது. இரண்டாவதில் வண்டி முழுக்கச் சாய்ந்து, சேஸ் முறுகுவது கண்ணுக்கே தெரிந்தது. முறுகியது. முறிந்துபோகவில்லை. சாய்ந்த வண்டி நிமிர்ந்தது, மண்ணைப் பின்னால் வாரி இறைத்தது, உச்சியில் போய் நின்றது.

குவாரியே கத்தியது. எல்லோரையும்விட உரக்கக் கத்தியவன் இசக்கிமுத்து.

கோப்பை லிங்கசாமிக்குத்தான். அதைக் கையில் வாங்கியவர் நேரே கீழே வந்து செல்லத்தாயிடம் நீட்டினார். அதற்குள் குருசாமி வெள்ளைச் சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்ததும் சட்டையைத் தட்டிவிடக்கூட இல்லை.

"முனையை எதுக்குங்க கூராக்கியிருக்கீங்க?" என்று கேட்டார். கேலியில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அவள் சொன்னாள். அவர் தலையாட்டியபடியே கேட்டுக்கொண்டார். "நாளைக்கு ரெண்டு வண்டி அனுப்பறனுங்க. நீங்கதான் பத்தவெக்கோணும்."

"ஏறுங்க அம்மிணி!" லிங்கசாமி முன்சீட்டைத் தட்டினார். "இன்னொருக்கா மேல போலாம்."

இசக்கிமுத்து பின்னால் தாவி ஏறிக்கொண்டான். கோப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு செல்லத்தாய் முன்னால் உட்கார்ந்தாள். ஜீப் மேட்டில் மூக்கைத் தூக்கியது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் வேகமாப் போங்க மொதலாளி!" என்று அவள் போட்ட கூச்சல் கீழே நின்ற எல்லோருக்கும் கேட்டது.