பதினாலாம் கட்டத்து முதலை

வார இதழ் அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் கட்டம்மா. பதினாறு வருடமாக ஞாயிறுதோறும் பரிசுக் குறுக்கெழுத்து போடுகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்! அதில் அவளுக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையெல்லாம் போன மாதத்தோடு சரி. ஞாயிற்றுக்கிழமைப் புதிரின் விடைகள் மூன்று வாரமாக வியாழக்கிழமையே ஓர் இணையதளத்தில் வரிசையாக வந்து உட்கார்ந்திருந்தன.

ஆசிரியர் போனில் சுற்றி வளைக்கவில்லை.

"இன்னொரு தடவை வெளிய போச்சுன்னா பக்கத்தை வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன். தப்பா நினைக்காதீங்க கட்டம்மா."

தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பதாம்? அலுவலகத்துக்கு அவள் புதிரை அனுப்புவதே வெள்ளிக்கிழமைதான். அதற்கு முன்னால் விடைகளைப் பார்த்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். ஒருத்தி அவள். இன்னொருத்தி கீழ்வீட்டில் இருக்கும் அவளுடைய அக்கா.

திங்கட்கிழமை தாளை வாங்கிக்கொண்டு போய், ஒவ்வொரு குறிப்பையும் விடையையும் ஒத்துப் பார்த்து டிக் போட்டுத் தருவது அக்காவின் வேலை. ஒரு புள்ளி விட்டுப்போனால் போதும், பூகம்பம் வந்ததுபோல மாடியேறி வந்துவிடுவாள். அவளா வெளியே விட்டிருப்பாள்? கட்டம் போனால் போகட்டும், இன்னொரு வேலை கிடைக்கும். அக்காவுக்கு எங்கே போவது? கட்டம்மாவுக்கு நேரில் கேட்க வாய் வரவில்லை. புதிர் போடுகிறவள் புத்தி வேறெங்கே போகும், பொறி வைத்தாள்.

பதினாலாம் கட்டம், மூன்றெழுத்து. குறிப்பு: 'மழை வந்தால் குளத்தங்கரையில் இவர் கச்சேரி.' விடை தவளை. அதைத் தன் நோட்டில் மட்டும் எழுதிக்கொண்டாள். அக்காவின் தாளில் முதலை என்று போட்டாள். கம்ப்யூட்டரில் குருவி என்று அடித்தாள்.

புதன்கிழமை தாள் திரும்பி வந்தது. எல்லாவற்றுக்கும் டிக். பதினாலுக்கு நேரே மட்டும் வெறுமையாக இருந்தது. கவனிக்காமல் விட்டிருப்பாள் என்று கட்டம்மா நினைத்துக்கொண்டாள்.

வியாழன் காலை இணையதளத்தைத் திறந்தாள். பதினாலு: குருவி.

அடி சக்கை! அக்கா இல்லை! நாற்காலியிலேயே ஒரு துள்ளு துள்ளினாள். துள்ளி முடித்ததும் அடுத்த கேள்வி வந்து நின்றது. கம்ப்யூட்டரை அவளைத் தவிர யாரும் தொடுவதில்லை, கோப்பை யாருக்கும் அனுப்பவும் இல்லை. பிறகு குருவி எந்த ஜன்னல் வழியாகப் பறந்தது?

தான் செய்ததையெல்லாம் ஒன்று விடாமல் திரும்பச் செய்து பார்த்தாள். விடைகளை அடித்தாள். மொத்தமாக நகலெடுத்தாள். கட்டம் போடும் பக்கத்தில் ஒட்டினாள். அதற்கு அருகே சொல்தேடி திறந்திருந்தது. இரண்டு எழுத்தைச் சொன்னால் மீதிச் சொல்லைத் தேடித் தரும் இலவசச் செயலி அது. இறக்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

ஒரு மாதம்?

அமைப்புகளைக் குடைந்தாள். 'நகலெடுத்ததைப் படிக்க அனுமதி பெற்றவை' என்று ஒரு பட்டியல். அதில் சொல்தேடி. கடைசியாகப் படித்த நேரம், சற்றுமுன் அவள் நகலெடுத்த அதே நிமிடம். சோதித்துவிடலாம் என்று 'ஒன்பது கத்தரிக்கோல்' என்று அடித்து நகலெடுத்தாள். நேரம் மாறியது. 'மொட்டை மாடியில் ஒட்டகம்' என்று நகலெடுத்தாள். மறுபடி மாறியது. அவள் எதையும் அதில் ஒட்டவே இல்லை. அதுவாகவே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. செயலியின் அடியில், எறும்பு எழுத்தில், செய்தவர் முகவரி. அதே இணையதளம்!

முதல் நாளே கம்ப்யூட்டர் கேட்டது இப்போது ஞாபகம் வந்தது: 'நீங்கள் நகலெடுப்பதை இந்தச் செயலி படிக்கலாமா?' அவசரத்தில் 'ஆம்' என்று தட்டிவிட்டாள். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான். 'அனுமதி மறு' என்று அழுத்தினாள், செயலியை அடியோடு அழித்தாள். மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் தினமும் நகலெடுத்துத்தானே ஒட்டினோம் என்று பகீரென்றது. அதையும் மாற்றினாள். ஆசிரியருக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். அவர் "பொழைச்சீங்க" என்றார். தாளோடு கீழே ஓடினாள்.

அக்கா துணி மடித்துக்கொண்டே முழுக் கதையும் கேட்டாள்.

"திருடனைப் பிடிச்சுட்டே, சரி. முதலை எதுக்குடி?"

கட்டம்மா தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"மழை வந்தா முதலை எங்கடி கச்சேரி பண்ணுது? பதினாறு வருஷத்துல நீ இப்படி ஒரு தப்பு பண்ணதில்லை. எனக்கு வெச்ச பொறின்னு திங்கக்கிழமையே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் ஏன்க்கா கேக்கலை?"

"நீ கேப்பேன்னு இருந்தேன்." அக்கா மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள். "அந்த கம்ப்யூட்டர் கூட உன்கிட்ட படிக்கலாமான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கு. உனக்கு என்கிட்ட கேக்க ஒரு வார்த்தை இல்லாமப் போச்சா?"

கட்டம்மா தாளை நீட்டினாள். அக்கா தாளை வாங்கினாள். முதலையை அடித்து, பக்கத்தில் தவளை என்று எழுதி, டிக் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். திங்கட்கிழமை கொண்டுவா என்று வழக்கமாகச் சொல்வாள். இன்று சொல்லவில்லை.

கட்டம்மா வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள்.

"அடுத்த வாரத்துத் தாளைக் கொண்டுவரலாமாக்கா?"

பதினாறு வருடத்தில் அவள் அதைக் கேட்டது இதுதான் முதல் தடவை. அக்கா கடைசித் துணியை மடித்து அடுக்கின் மேல் வைத்தாள்.

"கொண்டா. விடை சரியா இருக்கணும்."