எஸ்தர் குணமாகிவிட்டாள்

எங்கள் ஊரில் அந்த நோய் வந்தவர்கள் மேலே போய்க் கூரையில் ஒட்டிக்கொண்டார்கள். காய்ச்சல், இருமல் எதுவும் கிடையாது. நின்றுகொண்டிருக்கும்போது கால் தரையை விட்டுக் கிளம்பும். சற்று நேரத்தில் முதுகு மேல்தளத்தில் போய் இடிக்கும். ஆள் மட்டும்தான் மேலே போவார். கையில் இருப்பதை விட்டால் அது வழக்கம்போலக் கீழேதான் விழும்.

என் மனைவி எஸ்தர் தாளித்துக்கொண்டிருக்கும்போது போனாள். கரண்டி என் காலடியில் விழுந்தது. "கேஸை அணைங்க, கருகிரும்" என்று மேலேயிருந்து சொன்னாள். அணைத்தேன். துணி காயப்போடும் கயிற்றை அவள் இடுப்பில் கட்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஏற்கெனவே பாதி ஊர் ஃபேன்களுக்கு நடுவில் கிடந்தது. நர்சுகள் ஏணியில் ஏறி இட்லி ஊட்டினார்கள். டாக்டர் மும்தாஜும் ஏணியில் ஏறித்தான் நாடி பார்த்தார். மருந்து என்று எதுவும் இல்லாததால் அங்கேயே கொஞ்சநேரம் நின்றுவிட்டு இறங்குவார்.

அதனால் மேலிடத்திலிருந்து ஒரு செயற்கை நுண்ணறிவை அனுப்பினார்கள். வார்டில் ஒரு கேமரா, ஒரு திரை, ஆஸ்பத்திரி முழுக்க ஒலிபெருக்கி. உலகத்தில் உள்ள எல்லா ஆஸ்பத்திரிகளின் படங்களையும் பார்த்துப் படித்த இயந்திரம் அது. எந்தப் படத்திலும் படுத்திருப்பவர்கள் மேலே இருந்ததில்லை. ஆகவே எங்கள் வார்டைப் பார்த்ததும், படம் தலைகீழாக வந்திருக்கிறது என்று நினைத்து அதைத் திருப்பி நேராக்கிக்கொண்டது. இதற்காக நான் அதைக் குறை சொல்லமாட்டேன். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். நம் கண்ணுக்குள்ளும் படம் தலைகீழாகத்தான் விழுகிறது. எல்லாரும் திருப்பித்தான் பார்க்கிறோம்.

திருப்பிய படத்தில், தரையில் நிறையப் பேர் நிம்மதியாகப் படுத்திருந்தார்கள். டாக்டரும் நர்சுகளும் நானும் கூரையில் ஒட்டிக்கொண்டு நின்றோம். கூரையில் ஒட்டுவதுதான் நோய் என்று அதற்குச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். கீழே இருந்த எங்கள் எல்லாரையும் நோயாளிகளாகச் சேர்க்கவும், மேலே இருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பவும் அது உத்தரவிட்டது.

"எனக்கு முத்திப்போச்சாம்" என்றார் டாக்டர், திரையைப் படித்துவிட்டு. காலியாகக் கிடந்த கட்டிலில் படுத்துப் போர்வையை இழுத்துக்கொண்டார். எனக்கு அடுத்த கட்டில்.

கேட்டில் செக்யூரிட்டியாக இருந்த இருளப்பன்தான் ஒரு யோசனை சொன்னார். கேமராவையே தலைகீழாக மாட்டிவிடலாம் என்றார். மாட்டினார். "இப்போது திருப்பாமலே நன்றாகத் தெரிகிறது, நன்றி" என்றது இயந்திரம். உத்தரவு மாறவில்லை.

முதலில் டிஸ்சார்ஜ் ஆனவர் சங்கரபாண்டியன், ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர். "வெளியில கூரை இல்லையே" என்று டாக்டர் படுத்தபடியே இயந்திரத்திடம் கேட்டார். கேட்டில் இருந்த கேமரா வழியாக அது வெளியே பார்த்தது. "வெளியே அகலமான நீலத் தரை இருக்கிறது. மேடு பள்ளம் எதுவும் இல்லை. நடைப்பயிற்சிக்கு நல்லது" என்றது. கயிறு கட்டலாமா என்று கேட்டார். நோயாளியைத்தான் கட்டலாம், குணமானவரைக் கட்டுவது குற்றம் என்றது.

சங்கரபாண்டியன் கூரையோடு தவழ்ந்து போர்ட்டிகோ விளிம்புக்கு வந்தார். அவர் மனைவி கோமதியம்மாள் ஒரு பை சாத்துக்குடியை எட்டி அவர் கையில் கொடுத்தார், வழியில் சாப்பிட. விளிம்பைத் தாண்டியதும் அவர் வேப்பமரத்துக்கு மேலே போனார். பிறகு தண்ணீர்த் தொட்டிக்கு மேலே. "கோமதி, வீட்டுச் சாவி ஒங்கிட்டதான இருக்கு?" என்ற குரல் வந்தது. "இருக்கு" என்றார் கோமதியம்மாள். அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். மனைவி கூரையில் இருப்பது எனக்குப் பழகிவிட்டது. ஆனால் ஒரு மனிதர் எங்கள் கண் முன்னால் புள்ளியாகிக் காணாமல் போனார். திரையில் "குணமடைந்தார், புகார் எதுவும் இல்லை" என்று வந்தது. அதற்குக் கீழே அடுத்த பெயர் இருந்தது. எஸ்தர்.

"டாக்டர், நான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டே வீடு வரைக்கும் போறேன்."

"நீங்க நோயாளி சார். கேட்டைத் தாண்டக் கூடாது."

"நீங்க பார்த்தீங்கல்ல, அவர் எங்க போனாருன்னு?"

டாக்டர் மும்தாஜின் கண் கலங்கியிருந்தது. "நோயாளிக்குத் தூக்கம் ரொம்ப முக்கியம் சார். நான் தூங்கப் போறேன்" என்று போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டார்.

போர்ட்டிகோ விளிம்பில் ஒரு நாற்காலி போட்டு ஏறி எஸ்தரின் இரண்டு கைகளையும் பிடித்தேன். கூரை முடிந்ததும் அவள் கால்கள் வானத்துக்குப் போயின. கூந்தல் அவிழ்ந்து என் முகத்தில் விழுந்தது. நான் நாற்காலியிலிருந்து இறங்கி நடந்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு இறுக்கமாக எதையும் நான் பிடித்ததில்லை.

"ஏங்க, கை வேர்க்குது" என்றாள் எஸ்தர்.

என் கைதான் வேர்த்திருந்தது. அவள் விரல்கள் ஒவ்வொன்றாக நழுவின. "நோயாளி ஒருவர் தப்பிக்கிறார், பிடிக்கவும்" என்றது ஒலிபெருக்கி. இருளப்பன் ஓடிவந்தார். என்னைப் பிடிக்க வந்தவர் எஸ்தரின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பிடிச்சாச்சு" என்று ஒலிபெருக்கியைப் பார்த்துச் சொன்னார். "நீங்க நடங்க சார்."

கேட்டைத் தாண்டியதால் இருளப்பனும் தப்பிய நோயாளி ஆனார். அவரைப் பிடிக்கச் சொன்னது. எதிரே இருந்த டீக்கடைக்காரர் வந்து எஸ்தரின் இன்னொரு மணிக்கட்டைப் பிடித்தார். அவரைப் பிடிக்க ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள், அவர்களைப் பிடிக்க மார்க்கெட்டிலிருந்து. பிடிக்க இடம் இல்லாதவர்கள் பிடித்தவர்களைப் பிடித்துக்கொண்டார்கள். இப்படியே எஸ்தரை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். அவள் ஹாலில் கூரையோடு சாய்ந்து, "எல்லாருக்கும் காப்பி போடுங்க" என்றாள்.

அன்றே வார்டில் இருந்த மற்றவர்களையும் அதேபோல அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோனோம். கூட்டமாகக் கைகோத்து நடந்தவர்கள் மூலம் நோய் ஊர் முழுக்கப் பரவிவிட்டதாக இயந்திரம் அறிவித்தது. நலமாக மிஞ்சியவர்கள் கூரையில் இருப்பவர்கள் மட்டும்தான். அவர்களில் பட்டப்படிப்பு முடித்தவள் எஸ்தர் ஒருத்திதான் என்பதால் அவளை ஊரின் சுகாதார அதிகாரியாக நியமித்தது.

அவளுக்குக் கோப்புகளை ஒட்டடைக் கம்பில் செருகித்தான் மேலே கொடுக்கிறேன். கையெழுத்துப் போட்டுக் கீழே போடுவாள். ஊரில் எல்லாத் தெருக்களுக்கும் இடைவெளி இல்லாமல் பந்தல் போட வேண்டும் என்பது அவளுடைய முதல் ஆணை. இயந்திரம் அதைத் தரைவிரிப்பு என்று நினைத்துக்கொண்டு உடனே பணம் ஒதுக்கியது. போன ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் பந்தலோடு தவழ்ந்து மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை பார்த்துவிட்டு வந்தாள்.

நேற்று கோமதியம்மாள் வீட்டுக்கு வந்தார்.

"ஆஸ்பத்திரி வேப்பமரத்துப் பக்கம் மட்டும் பந்தல் வேண்டாம்னு எஸ்தர்ட்ட சொல்லுங்க தம்பி."

"ஏம்மா?"

முந்தானையை அவிழ்த்துக் காட்டினார். சாத்துக்குடித் தோல்கள். சில காய்ந்திருந்தன, ஒன்று ஈரமாக இருந்தது.

"மேலேருந்து விழுது. இது இன்னைக்கு விழுந்தது. சாப்பிட்டிருக்காவ."

ஈரமான தோலை ஒட்டடைக் கம்பில் வைத்து மேலே கொடுத்தேன். எஸ்தர் அதை முகர்ந்து பார்த்தாள்.

"பையில இன்னும் எவ்வளவு இருக்கும்மா?" என்று கேட்டாள்.

"ரெண்டு இருக்கும்" என்றார் கோமதியம்மாள். "பாத்துதான் சாப்பிடுவாவ."

எஸ்தர், அங்கே பந்தல் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு தோலை, அந்த அம்மாளின் முந்தானையில் விழும்படி பார்த்துப் போட்டாள்.