மூன்றாவது வரி

"அக்கா, இருக்கது ஒரே பிளக்கு. ஐஸ் பெட்டியைக் கழத்துனாத்தான் கீபோர்டு" என்றான் கோயில் பாட்டுக் குழுவில் வாசிக்கிற செல்வமணி, வயரைக் கையில் பிடித்துக்கொண்டு.

"அண்ணனுக்கு உள்ளதை எடுக்காத. எதுத்த வீட்டுல கேட்டு இழு" என்றாள் தங்கக்கனி.

அண்ணன் வேதமாணிக்கம் பெட்டிக்குள் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக, வாயை அழுத்தமாக மூடிக்கொண்டு படுத்திருந்தார். நேற்றுச் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை ஓட்டி முடித்துவிட்டு வந்து காப்பியைக் குடித்தவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே சாய்ந்துவிட்டார். அறுபது வயது. நாளைக்குக் கிறிஸ்துமஸ் என்பதால் இன்றைக்கே நாலு மணிக்கு அடக்கம். தச்சநல்லூரில் அந்தத் தெரு முழுக்க நட்சத்திர விளக்குகளை அணைத்து வைத்திருந்தார்கள்.

அந்த மூடிய வாயைத்தான் தங்கக்கனியால் பார்க்க முடியவில்லை.

சபையின் பாடகர் குழுவை இருபது வருஷமாக நடத்துகிறவள் அவள். அண்ணனுக்கும் குரல் உண்டு, பஸ் ஹாரனைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. சுருதிதான் கிடையாது. இந்த வருஷம் அவளே எழுதி மெட்டுப் போட்ட மேய்ப்பர் பாட்டை ஆராதனையில் பாடுவதாக ஏற்பாடு. மூன்றாவது வரியில் தூதர்கள் வானத்தில் தோன்றும்போது மெட்டு மேலே ஏறும். ஒத்திகையில் அண்ணன் அந்த இடத்தில் தவறாமல் கீழே இறங்கிவிடுவார். டிசம்பர் முதல் வாரத்தில் அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"அண்ணே, இந்த வருசம் ஆராதனையை நெட்டுல காட்டுதாவ. துபாய்ல இருக்கவங்க எல்லாம் பாப்பாவ. நீ பாடாத. சும்மா நில்லு."

"சரிட்டி" என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. மூன்று ஞாயிறும் பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி வாயைத் திறக்காமல் நின்றார். ஒரு மனுஷனின் கடைசி மாதத்துப் பாட்டையெல்லாம் தானே பிடுங்கிக்கொண்டோமே என்ற நினைப்பு நேற்றிலிருந்து அவளை அறுத்துக்கொண்டிருந்தது. அழுகைகூட வரவில்லை.

இரண்டரை மணிக்கு, அண்ணன் ஓட்டுகிற அதே பஸ் தெருமுனையில் வந்து நின்றது. கங்கைகொண்டான் கம்பெனியில் முதல் ஷிப்ட் முடித்த பெண்கள் முப்பது நாற்பது பேர், நீலச் சட்டையைக்கூடக் கழற்றாமல் இறங்கி வந்தார்கள். நெற்றியில் குங்குமமும் திருநீறும், தோளில் சாப்பாட்டுப் பையுமாகப் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். முன்னால் வந்தவள் கேவிக்கொண்டே தங்கக்கனியின் கையைப் பிடித்தாள்.

"நான் முத்துராணி, அக்கா. எப்பவும் டிரைவர் சீட்டுக்குப் பின்னாலதான் உக்காருவேன். அந்தப் பாட்டு போட்டது நீங்கதான?"

"எந்தப் பாட்டு?"

"மேய்ப்பர் பாட்டு. இந்த மாசம் பூரா அண்ணாச்சி பஸ்ல எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாவல்லா. 'கோயில்ல எனக்கு லீவு விட்டிருக்காவ, அதனால பாட்டெல்லாம் ஒங்களுக்குத்தான்'னு சிரிப்பாவ. தப்பாப் பாடுனா வண்டியை ஓரங்கட்டிருவாவ. 'எந்தங்கச்சி போட்ட மெட்டு, ஒரு இடம் பிசகக் கூடாது'ம்பாவ."

தங்கக்கனிக்குச் சாவு வீடு என்பதையும் மறந்து சிரிப்பு முட்டியது. யார், அண்ணனா மெட்டுத் திருத்தியது?

"ஒருக்க பாடட்டுமாக்கா?"

அவள் தலையாட்டினாள். முத்துராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு பாட்டை எடுக்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பனியில் ஆட்டுக்கிடை காத்தவர்களையும் தூங்காத அவர்கள் கண்களையும் பற்றிய முதல் இரண்டு வரிகள் ஒழுங்காகத்தான் போயின. மூன்றாவது வரியில் அத்தனை குரலும், ஒரே ஆள் ஸ்டியரிங்கைத் திருப்பியது போலக் கீழே இறங்கின. கூடவே வாசித்துக்கொண்டிருந்த செல்வமணியின் விரல்கள் தடுமாறி நின்றன.

"அக்கா, மெட்டு போச்சு. நாம எடுத்துக் குடுப்பமா?" என்று குழுவிலிருந்த தேன்மொழி காதைக் கடித்தாள்.

"பேசாம இரு."

இருபது தடவை திருத்தி எழுதிய தன் பாட்டை அவள் அன்றைக்குத்தான் கேட்டாள். அவள் மெட்டில் தூதர்கள் மேலே, எட்டாத உயரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். அண்ணன் மெட்டில் இறங்கி வந்து, வேலை முடிந்து கால் வலிக்க நிற்கிறவர்களின் பக்கத்தில் நின்றார்கள். ஆண்டவரும் அப்படி இறங்கி வந்தவர்தானே. இத்தனை கிறிஸ்துமஸ் பாடியும் தனக்கு உறைக்காதது, விடியுமுன் பஸ் ஓட்டிக்கொண்டே அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. கோயிலில் மூடிய வாயை அவர் பஸ்ஸில் ஒரு நாளும் மூடியிருக்கவில்லை. அதை நினைத்ததும் அவளுக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. அந்த அழுகையில் பாதி சந்தோஷம்.

மறுநாள் விடியற்கால ஆராதனைக்கு அவள் வரமாட்டாள் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். வெள்ளைச் சேலை உடுத்தி வந்து, வழக்கமான இடத்தில் குழுவின் முன்னால் நின்றாள். கோயில் நிறைந்திருந்தது. கேமராவில் சிவப்பு விளக்கு எரிய, செல்வமணி வாசிக்கத் தொடங்கினான். முதல் இரண்டு வரிகளுக்கும் அவள் கை எப்போதும் போல் அசைந்தது. மூன்றாவது வரி வந்தது. குழு மொத்தமும் அவளையே பார்த்துக்கொண்டிருக்க, தங்கக்கனி மெட்டோடு மேலே ஏற வேண்டிய கையை மெதுவாகக் கீழே இறக்கினாள்.