வெள்ளிக்கிழமைச் சாய்வு

சினிமா விமர்சனம் வெளியாகும் வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பத்திரிகையை வாங்கும் வீடுகள் எல்லாம் வலப்பக்கமாக நான்கு விரல்கடை சாய்ந்தன. காலையில் பத்திரிகை வாசலில் வந்து விழுந்ததும் சாயும். மறுநாள் இதழ் விழுந்ததும் நிமிரும். முதல் வருடம் மக்கள் கொத்தனார்களைத் திட்டினார்கள். நகராட்சிப் பொறியாளர் ரசமட்டத்தோடு தெருத்தெருவாக நடந்து, கோளாறு தரையில் இல்லை, ஏழாம் பக்கத்தில் இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். ஒரு பத்திரிகைக்குச் சாய்வு இருப்பது இயல்புதான் என்று ஆசிரியர் நான்கு வரி எழுதினார். இரண்டாம் வருடம் தச்சர் கட்டிலுக்கும் மேசைக்கும் ஏற்ற ஆப்புகளைச் செதுக்கி விற்கத் தொடங்கினார். மூன்றாம் வருடம் வியாழக்கிழமை மாலையே எல்லோரும் பாத்திரங்களை வலச்சுவர் ஓரம் அடுக்கிவிட்டார்கள். எப்படியும் அங்கேதான் போய்ச் சேரும்.

காரணம் ஊருக்கே தெரியும். விமர்சகரும் பெரிய இயக்குநரும் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். பெரிய இயக்குநரின் படத்துக்கு முக்கால் பக்கம். அதில் யாராவது இருமினால் அதுவும் சங்கீதம். மற்றவர்களின் படங்களை விமர்சகர் இடைவேளை வரை பார்ப்பார். விளக்கு எரிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பாதிப் படத்துக்கு முழுத் தீர்ப்பு. ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்று வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். கடிதங்கள் செவ்வாய்க்கிழமை அச்சாயின. செவ்வாய்க்கிழமை வீடுகள் அசையவில்லை.

அந்தப் பத்திரிகையில் பிழை திருத்துபவராக இருந்தவரின் மனைவி படத்தொகுப்பாளர். சிறிய படம் ஒன்றை ஏழு மாதம் தொகுத்தாள்; கடைசி இரண்டு மாதம் சாய்வு நாற்காலியில் படுத்தபடி. இடைவேளைக்குப் பிறகு ஒரு பெண் கதவைச் சாத்தும் காட்சிக்கு மட்டும் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டாள். அவள் இறந்த பதினோராம் நாள் படம் வெளியானது. விமர்சகர் வழக்கம்போல இடைவேளையில் கிளம்பிப் போய், "படத்தொகுப்பு சுமார். கத்தரிக்குத் தூக்கம் வந்துவிட்டது போலும்" என்று எழுதினார். அவள் பெயரைப் போடவில்லை. எழுத்துப் பிழையும் தகவல் பிழையும் மட்டுமே திருத்தலாம், கருத்தில் கை வைக்கக் கூடாது என்பது அச்சுக்கூடத்து விதி. வியாழக்கிழமை புரூஃப் கணவரின் மேசைக்கு வந்தது. விடுபட்டிருந்த ஒரு புள்ளியை வைத்து, கையெழுத்திட்டு அனுப்பினார்.

பெரிய இயக்குநரின் படங்களைத் தொகுத்தவள் பிழை திருத்துபவரின் வீட்டு மாடியில் குடியிருந்தாள். பிழை திருத்துபவரின் மனைவியிடம் இரண்டு வருடம் வேலை கற்றவள். அவள் தொகுத்த படத்துக்கு விமர்சனம் வரும் வெள்ளிக்கிழமை காலைகளில் அவள் கணவன் மாடிப்படியில் நின்று, கத்தரி மூச்சு விடுகிறதாம் என்று ஏழாம் பக்கத்தை உரக்கப் படிப்பான். பிழை திருத்துபவருக்கு வந்தது பொறாமைதான்; வேறு பெயர் கிடையாது. முதலில் அவள் பெயர் அச்சில் பன்னிரண்டு முறை வந்ததன்மேல் வந்தது. பிறகு படியில் கிடக்கும் அவள் செருப்பின்மேல். பிறகு சாப்பாட்டில் உப்பில்லை என்று அவள் கணவன் கத்துவதன்மேல். கத்துவதற்கு அவனுக்கு ஆள் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் பிழை திருத்துபவர் தூக்கத்தில் உருண்டு, கட்டிலில் மனைவியின் பக்கமான வலது ஓரத்தில் போய்க் கிடந்தார். அந்தத் தெருவில் ஆப்பு வாங்காதவர் அவர் ஒருவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிப் பெண் இறங்கி வந்தாள். உட்காரவில்லை.

"அண்ணா, அண்ணி வெட்டுன அந்தக் கதவு சீனைப் பதினேழு தடவை பார்த்துட்டேன். வயிறு எரியுது."

"உங்களுக்கா?"

"எனக்குத்தான். எனக்கு அந்த மாதிரி வராது. போய்ச் சேர்ந்தப்புறமும் ஜெயிச்சுக்கிட்டே இருக்காங்க. அது ஒருத்தருக்கும் தெரியல பாருங்க, அதுதான் இன்னும் எரியுது."

தனக்கும் அவள்மேல் அப்படித்தான் என்று அவர் சொன்னார்.

"தெரியும். படியில என் செருப்பைத் தள்ளிவிடுறது நீங்கதானே."

அடுத்த வாரம் பெரிய இயக்குநரின் புதுப் படத்தைப் பத்திரிகைக்காரர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். படச்சுருள்களைத் தயார் செய்தவள் மாடிப் பெண். முதல் பாதியை அப்படியே விட்டுவிட்டு, இரண்டாம் பாதிக்கு இறந்தவள் தொகுத்த படத்தின் சுருள்களை வைத்தாள். நண்பரின் படம் என்பதால் விமர்சகர் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். இடைவேளைக்குப் பிறகு கதையையும் நடிகர்களையும் அடியோடு மாற்றிய துணிச்சல் இதுவரை யாருக்கும் வந்ததில்லை என்று எழுதினார். அந்தப் பெண் கதவைச் சாத்தும் இடத்தில் தனக்கு மூச்சு நின்று வந்தது என்றும், அதை வெட்டிய கைக்கு வணக்கம் என்றும் எழுதி, மாடிப் பெண்ணின் பெயரைப் போட்டார்.

வியாழக்கிழமை புரூஃப் மேசைக்கு வந்தது. மனைவி வாழ்நாள் முழுக்கக் கேட்காத வாக்கியம், அடுத்தவள் பெயரோடு. பிழை திருத்துபவர் ஒரு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பெயரை அடித்து, மனைவியின் பெயரை எழுதினார். அது தகவல் பிழை. கையெழுத்திட்டு அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வாசலில் விழுந்தது. வீடுகள் சாயவில்லை. ஆப்பு வைத்திருந்த கட்டில்கள் மட்டும் இடப்பக்கம் சாய்ந்து, சிலர் உருண்டு விழுந்தார்கள். மாடிக்காரன் ஏழாம் பக்கத்தை மனதுக்குள் படித்துவிட்டு மடித்து வைத்தான். பிழை திருத்துபவரின் செருப்பு இரண்டு படி கீழே கிடந்தது. அவர் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். எந்தச் சுருளில் என்ன இருக்குமோ என்ற பயத்தில் விமர்சகர் அதற்குப் பிறகு எல்லாருடைய படத்தையும் கடைசிவரை பார்த்தார். வீடுகள் எப்போதாவது அரை விரல்கடை அசைந்தன. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

ஊரார் ஆப்புகளை விறகுக்கு ஆகட்டும் என்று தச்சரிடமே கொண்டுபோய்க் கொட்டினார்கள். அந்த வாரம்தான் பிழை திருத்துபவர் முதன்முறையாக அந்தக் கடைக்குப் போனார்.

"எல்லாரும் திருப்பித் தர்றாங்க, நீங்க வாங்க வர்றீங்க. யாருக்கு ஆப்பு வைக்கப் போறீங்க?"

"கட்டிலுக்கு. இடப்பக்கக் கால் ரெண்டுக்கும். நாலு விரல்கடை."

தச்சர் குவியலில் தேடி, ஒரே அளவில் இரண்டை எடுத்தார். வெள்ளிக்கிழமைக்கு மட்டும்தானே என்று கேட்டார். இல்லை, எல்லா நாளும் என்றார் பிழை திருத்துபவர். அப்படியென்றால் தேக்கில் செய்து தருகிறேன், தேயாது என்று சொல்லி, தச்சர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.