திரும்பிப் பார்க்கக் கூடாது

...திரும்பிப் பார்க்கக் கூடாது, மாரிச்செல்வம் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியதும் ஓட வேண்டும், 'கை' என்று அவன் கத்தியதும் கையைப் பின்னால் நீட்ட வேண்டும், அவ்வளவுதானே, இதற்குப் போய் ராஜதுரை ஏன் இப்படிப் பயப்பட வேண்டும்? பயிற்சியில் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தான், ஒவ்வொரு முறையும் கைமாற வேண்டிய ரிலே பேட்டன் கீழே விழுந்தது. "இன்னொரு தடவ திரும்புனன்னு வையி, ரெண்டு பேருமே டீம்ல கிடையாது" என்று நிர்மலாதேவி மேடம் சொல்லிவிட்டார். கல்லூரியின் விளையாட்டு ஆசிரியை. யாரும் தன் சாதி ஆட்களிடமிருந்து பேட்டன் வாங்கக் கூடாது என்று ரிலே வரிசையைக் கலைத்து அடுக்கியது அவர்தான், மணிக்கட்டில் கட்டியிருந்த சாதிக் கயிறுகளைக் கத்தரியால் வெட்டிக் குப்பையில் போட்டதும் அவர்தான். கயிறு இருந்த இடம் இன்னும் வெளுத்துக் கிடக்கிறது. மேடத்துக்கு என்ன, சாயந்திரம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார், ஊர்க்காரர்களோடு குருவிகுளம் பஸ்ஸில் இவனல்லவா போக வேண்டும்?

மாரிச்செல்வத்தின் மனசில் என்னதான் இருக்கிறது? ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் பெரியப்பா மகன் காளிராஜ் மாரிச்செல்வத்தின் தம்பியைச் செருப்பால் அடித்தபோது பக்கத்தில் நின்றது இவன்தானே... அதற்காக அவன் ஏசியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். பின்னாலிருந்து வருகிறவன், காலில் ஆணி வைத்த ஷூ, குதிகாலில் ஒரு மிதி மிதித்தால்? தெரியாமல் பட்டுவிட்டது என்பான், யார் கேட்பது? போதாக்குறைக்கு வளைவில் வேலியோரம் காளிராஜ் கூட்டாளிகளோடு நிற்கிறான், சற்று முன்னால்தான் இவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். "ஏலே, கயிறை எங்கல?" "மேடம் வெட்டிட்டாவ அண்ணே." "அவன் தொட்டதை நீ வாங்கி ஓடுவ, நாங்க கை தட்டணுமோ? வாங்கிப் பாரு, அவனை இன்னைக்கு வீட்டுக்குப் போவ விடமாட்டேன்." இதை மாரிச்செல்வத்திடம் சொல்லியிருக்கலாமோ, சொன்னால் இவனே மிரட்டுகிறான் என்று நினைப்பானே, சொல்லாவிட்டால்...

ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் துப்பாக்கி வெடித்தது. முதல் ஆள் சித்தீக் பேட்டனைக் கொடுத்தாயிற்று, மாரிச்செல்வம் வருகிறான், பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறான், கோடு, ஓடு! முதுகெல்லாம் கூசுகிறது, ஆணிச் சத்தம் நெருங்குகிறது, மிதிக்கப் போகிறான், இதோ மிதிக்கப் போகிறான்... "கை மக்கா!" மக்காவா? கூட்டாளியைக் கூப்பிடுவதுபோல அவனா சொன்னான்? நீட்டிய உள்ளங்கையில் பேட்டன் பதமாக வந்து உட்கார்ந்தது, அவன் விரல்கள் ஒரு கணம் பட்டன, சில்லென்று, நடுங்கிக்கொண்டு... அவனுக்கும் பயமா? என்னைப் பார்த்தா? நான் கையை மூடிக்கொள்வேன் என்று பயந்தானா? வளைவு வந்தது, வேலி வந்தது. காளிராஜ் நின்ற இடத்தில் யாருமே இல்லை, எங்கே போனார்கள்? அங்கே பின்னால் மாரிச்செல்வம் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டு தனியாக நிற்பானே... முன்னால் அடுத்த ஆள் காத்திருக்கிறான், மேடம் ஓடு ஓடு என்று கத்துகிறார், ஒரே ஒரு தரம் திரும்பி அவனைப் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது ராஜதுரைக்கு.